விரல் ஓட்டும் இயந்திரம்

1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரைக் கையில் எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் குதிரையைக் கட்டைவிரலால் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் நான்கு முறை 'டக்' என்று கேட்கும். தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்று பழைய பெயர் உண்டு. இந்தக் கட்டுரையில் அதையே வைத்துக்கொள்கிறேன். கோல்ட் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நான்கு எழுத்துகள் வேண்டும். ஓசைக்கு ஓர் எழுத்தாக அந்தத் துப்பாக்கி தன் பெயரைத் தானே உச்சரிக்கிறது என்பார்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள்.

நான்கு ஓசைக்கும் காரணம் உண்டு. முதல் ஓசையில் குதிரை தோட்டாவை விட்டுச் சற்றே விலகி ஒரு சிறு பள்ளத்தில் நிற்கிறது. இரண்டாவது, பாதி ஏற்றம். அப்போது உருளையைப் பூட்டி வைத்திருக்கும் தாழ் இறங்கிவிடுவதால் உருளையைக் கையால் சுழற்றித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடலாம். மூன்றாவது, அந்தத் தாழ் மீண்டும் மேலெழுந்து உருளையின் மேல் மோதும் ஓசை. நான்காவது முழு ஏற்றம். இதில் முதல் பள்ளம் நம்பத்தக்கதல்ல. துப்பாக்கி கைதவறித் தரையில் விழுந்தால் அது உடைந்து தோட்டா வெடித்துவிடக்கூடும். அதனால் ஆறு அறைகள் இருந்தும் ஐந்தில் மட்டும் நிரப்பி, குதிரையைக் காலி அறையின் மேல் இறக்கி வைப்பதுதான் விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். 1973-இல் ரூகர் நிறுவனம் குதிரைக்கும் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கும் நடுவே, விசையை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் டிரிகரை) இழுத்தால் மட்டும் மேலே வந்து நிற்கும் ஒரு பட்டையை வைத்து இந்த ஆபத்தைத் தீர்த்தது. பாதி ஏற்றமே தேவையில்லாமல் போனதால் அந்த ரிவால்வரில் நான்கு ஓசையும் இல்லை. பாதுகாப்பானது எது என்று கேட்டால் தயக்கமின்றிப் புதியதைச் சொல்வேன். ஆனாலும் பழையதைத் தேடி அலைகிறவர்கள் குறையவில்லை. சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைத் தேடி வாங்குகிறவர்களை நமக்குத் தெரியும். நேரம் பார்க்க அவர்களுக்குக் கைப்பேசி போதும். சாவி திருகும்போது விரல் நுனியில் தட்டுப்படும் பற்களுக்காகத்தான் அதை வாங்குகிறார்கள். ரிவால்வரின் ஈர்ப்பும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

தானியங்கிக் கைத்துப்பாக்கியில் வெடிப்பின் வலுவே அடுத்த வேலையைச் செய்கிறது. பின்னுதைப்பு மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளும், காலிக் கூட்டை வெளியே எறியும், அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும். ரிவால்வரில் இந்த உதவி கிடையாது. உருளையைச் சுழற்றுவதும், சரியான இடத்தில் நிறுத்துவதும், ஸ்பிரிங்கை இறுக்குவதும், குதிரையை விடுவிப்பதும் சுடுபவரின் விரலே. மனிதக் கையைத் தவிர அதற்கு வேறு மோட்டார் இல்லை. அதனால் உள்ளே நடப்பது ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த இணைப்பைப் பரவலாக்கியவர் சாமுவேல் கோல்ட். பல அறைகள் கொண்ட சுழலும் உருளை அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் குதிரையை ஏற்றும் அதே அசைவில் உருளையும் சுழன்று பூட்டிக்கொள்ளும் அமைப்புக்கு அவர் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அடுத்த திருப்பம் ராலின் வைட் என்பவருடையது. உருளையை முன்னிருந்து பின்வரை முழுதாகத் துளைத்துவிட்டால் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகலாம் என்பதற்கு 1855-இல் காப்புரிமை வாங்கினார். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் துப்பாக்கிக்கு 25 சென்ட் வீதம் அவருக்குக் கொடுத்து அந்த உரிமையைப் பெற்றது. 1869-இல் காப்புரிமை காலாவதியாகும்வரை கோல்ட் நிறுவனத்தால் அந்த வழியில் போக முடியவில்லை.

இப்போது விசையை மட்டும் இழுத்துச் சுடும் வகைக்கு வருவோம். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நடப்பது வியப்பூட்டும். விசையோடு ஒரு தள்ளுகோல் பிணைக்கப்பட்டிருக்கிறது. விசை பின்னே போகத் தள்ளுகோல் மேலே ஏறி, உருளையின் பின்புறத்தில் வெட்டப்பட்ட ஆறு பற்களில் ஒன்றை உந்தும். அதற்கு ஒரு கணம் முன்பே தாழ் இறங்கி வழிவிட்டிருக்க வேண்டும். உருளை 60 பாகை திரும்பியதும் தாழ் அடுத்த பள்ளத்தில் விழ வேண்டும். அது விழுந்த பிறகுதான் குதிரை விடுபட வேண்டும். இந்த வரிசை சற்றே பிசகினாலும் அறையும் குழலும் நேர்க்கோட்டில் இருக்காது. குண்டு குழலின் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும், ஈயத் துகள்கள் பக்கவாட்டில் தெறிக்கும்.

அறையும் குழலும் தனித்தனித் துண்டுகள் என்பதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆக வேண்டும். நல்ல ரிவால்வரில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். கூடினால் வாயு அதிகமாகக் கசியும், குறைந்தால் புகைக்கரி படிந்து உருளை சுழலாது. குண்டு அந்த இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைய வசதியாகக் குழலின் பின்வாய் புனல்போல விரித்துக் கடையப்பட்டிருக்கும். பெல்ஜியத்தின் நாகான் சகோதரர்கள் செய்து, ரஷ்யா 1895-இல் ஏற்றுக்கொண்ட ஏழு தோட்டா ரிவால்வர் இந்த இடைவெளியை அடியோடு ஒழித்தது. அதில் குதிரை ஏறும்போது உருளையே முன்னே நகர்ந்து குழலின் வாயோடு ஒட்டிக்கொள்ளும். அபாரமான யோசனை. ஆனால் அந்த வேலையும் விரலின் மேல் விழுந்ததால் விசை இழுக்கமுடியாத அளவுக்குக் கனத்துப்போனது.

ஸ்மித் அண்ட் வெஸன் 1899-இல் வெளியிட்ட .38 ரிவால்வரின் வழித்தோன்றல்கள் 60 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கின்றன. பின்னாளில் 'மாடல் 10' என்று பெயர் பெற்றது அதுதான். அதன் உருளை பின்னாலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திரும்பும். இடப்பக்கம் திறக்கும் உருளையை அந்தச் சுழற்சி வெளியே தள்ளப் பார்க்கும் என்பதால் 1902-இல் முன்முனையிலும் ஒரு பூட்டு சேர்த்தார்கள். கோல்ட் ரிவால்வர் வலஞ்சுழி. ஒவ்வொரு சுழற்சியும் உருளையைச் சட்டகத்துக்குள்ளேயே அழுத்தும். அதோடு, விசையை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கும்வரை தள்ளுகோலும் விடாமல் உந்திக்கொண்டிருக்கும். ஒருபுறம் தாழ், மறுபுறம் தள்ளுகோல். நடுவே உருளை இம்மியும் அசையாது. வங்கிப் பெட்டகம்போல் பூட்டுகிறது என்பார்கள். 1955-இல் 125 டாலர் விலையில் வந்த கோல்ட் பைதான் இந்த இறுக்கத்தின் உச்சம்.

பைதானைத்தான் உலகம் கொண்டாடுகிறது. அழகில் அதற்கு நிகரில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறியமைப்பு என்று பார்த்தால் என் ஓட்டு எளிய மாடல் 10-க்குத்தான். கோல்டின் இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் உருளையின் அதிர்ச்சியைத் தள்ளுகோலும் வாங்கிக்கொள்கிறது. பல ஆயிரம் குண்டுகளுக்குப் பின் அதன் நுனி தேய்ந்து, உருளையும் தாழும் சேர வேண்டிய நேரம் பிசகும். அந்தக் கோலைத் தட்டி நீட்டி, அரம் போட்டுத் திரும்பப் பொருத்தத் தெரிந்த கைவினைஞர் வேண்டும். விசையின் உணர்விலும் வேறுபாடு இருக்கிறது. கோல்டில் கவட்டை வடிவ ஸ்பிரிங் ஒன்றே குதிரையையும் விசையையும் கவனிக்கிறது. விசையை இழுக்க இழுக்க எடை கூடிக்கொண்டே போய்க் கடைசியில் உச்சத்தைத் தொடும். மாடல் 10-இல் குதிரைக்கு ஒரு தகட்டு ஸ்பிரிங், விசை திரும்ப ஒரு சுருள் ஸ்பிரிங் என்று வேலை பிரிந்திருக்கிறது. ஸ்பிரிங் இறுக இறுக நெம்புகோலின் பயன் நம் பக்கம் கூடுவதுபோல் வளைவுகள் வெட்டப்பட்டிருப்பதால் எடை தொடக்கம் முதல் முடிவுவரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். நான்கு, ஐந்து கிலோ இழுவைதான். ஆனால் அது உருண்டு வருவதுபோல் வரும்.

இந்தச் சீர்மை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கத் துப்பாக்கி சுடும் வீரர் எட் மெக்கிவர்ன் சாட்சி. 1932-இல் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரால் ஐந்து குண்டுகளை 0.45 நொடியில் நெருக்கமாகச் சுட்டுக் காட்டினார் அவர். ஒவ்வொரு குண்டுக்கும் ஏறக்குறைய ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மேலே சொன்ன வரிசை முழுவதும், இறங்குவதும் உந்துவதும் விழுவதும் விடுபடுவதும், பிசகாமல் நடந்து முடிந்திருக்கிறது. வெறும் விரலால்.

சுட்டுப் பழகுகிறவர்கள் ரிவால்வரை விடாததற்கு மற்றொரு காரணம் தோட்டா. வெடிப்பின் வலுவை நம்பாத இயந்திரம் என்பதால் மென்மையான தோட்டாவானாலும் வலிமையான தோட்டாவானாலும் அது ஒரேபோல் இயங்கும். .357 மேக்னம் என்ற வலிமையான தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவை ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீட்டியது. பழைய, பலவீனமான துப்பாக்கிகளில் தவறிப்போய் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். ஆகவே மேக்னம் ரிவால்வரில் இரண்டையும் சுடலாம். காலிக் கூடுகளும் நாலாபக்கமும் சிதறாமல் உருளையிலேயே இருப்பதால், அவற்றை எடுத்து மறுபடி மருந்து நிரப்புகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

சேகரிப்பாளரின் கண் வேறு இடத்தில் இருக்கும். பழைய ஆலைகளில் உறுப்புகளைச் சற்றே பெரிதாகச் செய்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏற்றபடி அரத்தாலும் சாணைக்கல்லாலும் தேய்த்துப் பொருத்தினார்கள். பக்கத் தகடு சட்டகத்தில் உட்காரும் கோடு கண்ணுக்குத் தெரியாது. தகட்டைப் பொருத்திய பிறகு இரண்டையும் ஒரே பரப்பாக மெருகேற்றியதால் வந்தது அது. நெம்பி எடுத்தால் அந்த விளிம்பு கெட்டுவிடும். ஆணிகளைக் கழற்றிவிட்டுத் திருப்புளியின் மரப்பிடியால் சட்டகத்தைத் தட்டித் தட்டி அதிர வைத்தால் தகடு தானாக எழுந்து வரும்.

மெருகுக்கு மேல் வருவது நீலம் எனப்படும் துருக்காப்புப் படலம். செந்துரு இரும்பை அரித்து உதிரும். அதே இரும்பும் ஆக்சிஜனும் வேறு விகிதத்தில் சேர்ந்த மேக்னடைட் என்ற கருநிற ஆக்சைடோ இரும்போடு ஒட்டிக்கொண்டு எண்ணெயைப் பிடித்துவைக்கும். சூடான காரக்கரைசலில் எஃகை முக்கி எடுத்தால் இந்தப் படலம் உருவாகும். அது மிக மிக மெல்லியது. அடியிலுள்ள ஒரு கீறலைக்கூட மறைக்காது. பைதானின் நீலத்தில் குளத்து நீரைப்போல ஆழம் தெரிகிறதென்றால் அந்த ஆழம் ரசாயனத்தால் வந்ததல்ல, அதற்கு முன் மணிக்கணக்கில் மெருகேற்றிய கையால் வந்தது. தேய்ந்த பழைய துப்பாக்கிக்குப் புதிதாக நீலம் ஏற்றினால் அதன் மதிப்பு ஏறுவதற்குப் பதில் இறங்குவதும் இதனால்தான். மீண்டும் தேய்க்கும்போது கூர்மையான விளிம்புகளும் பொறித்த எழுத்துகளும் மழுங்கிவிடும்.

ஆண்டுக் கணக்கும் இவர்களுக்கு மனப்பாடம். ஸ்மித் அண்ட் வெஸன் குழலைச் சட்டகத்தோடு குறுக்கு ஊசியால் பிணைப்பதை 1982-இல் கைவிட்டது. 2001-இல் பக்கவாட்டில் சாவித் துளையுடன் உட்பூட்டு வந்தது. துளை இல்லாததையே தேடி வாங்குகிறவர்கள் ஏராளம். பைதான் உற்பத்தி 2005-இல் முற்றிலும் நின்றது. 2020-இல் மறுபிறவி எடுத்தபோது உறுப்புகளைக் குறைத்து, கணினி கடைசல் இயந்திரங்களில் செய்து, கைப்பொருத்தத்தின் தேவையைப் பெரிதும் நீக்கியிருந்தார்கள். புதிய பைதான் உறுதியிலும் உழைப்பிலும் பழையதை மிஞ்சும் என்றே நம்புகிறேன். நியூயார்க் நகரக் காவல்துறையில் எஞ்சியிருந்த ரிவால்வர்களுக்கும் 2018-இல் விடைகொடுத்துவிட்டார்கள். பணியில் கையாளும் ஆயுதமாக அதன் காலம் பெரும்பாலும் முடிந்தது. உயிரைப் பறிக்கச் செய்யப்பட்ட கருவி பெட்டிக்குள் ஓய்வெடுப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

அமெரிக்கக் கண்காட்சிகளில் பழைய கோல்ட் வாங்க வருகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் செய்யும் சோதனை ஒன்று உண்டு. உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று பார்ப்பார். மூடுவார். இடக்கை விரலை உருளையின் மேல் லேசாக வைத்துச் சிறு தடை கொடுத்துக்கொண்டே, வலக்கைக் கட்டைவிரலால் குதிரையை மிக மெதுவாக ஏற்றுவார். குதிரை நிற்பதற்கு முன் தாழ் விழும் ஓசை வருகிறதா என்று காதைக் கொடுப்பார். வந்தால் அடுத்த அறை. ஐந்தும் சரியாக இருந்து ஆறாவதில் மட்டும் ஓசை பிந்தினால், நன்றி சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் துணியின் மேல் திரும்ப வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நடப்பார்.