கரகரப்பு எல்லாம் கோளாறு அல்ல

போன மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி மூச்சு வாங்க ஒரு கிடார் ஆம்பை, அதாவது கிடார் ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை, தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் பட்டறைக்கு வந்தார். அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், நம் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் அங்கிருந்து கொண்டுவந்த ஆம்ப் அது. 60-களின் கடைசியில் செய்தது, ஈஎல்84 என்கிற பவர் வால்வு (கண்ணாடிக் குழாய்) இரண்டு, ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். கிடாரைச் செருகி வாசித்துக் காட்டினார். சத்தம் பளிச்சென்று இருந்தது. இரைச்சலே இல்லை.

"நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"அதாண்ணே பிரச்சினை. தாத்தா இருந்தப்ப இப்படி இல்ல. இப்ப வாசிச்சா கை ஒட்ட மாட்டேங்குது."

பின்பக்கப் பலகையைக் கழற்றினேன். வேறு ஊரில் யாரோ ஒரு மெக்கானிக் வேலை பார்த்திருக்கிறார், சுத்தமாகவும் பார்த்திருக்கிறார். ஏசி கரண்டை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் டயோடு போட்டிருந்தார். மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கன்டென்சர் 32 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 220. கார்பன் ரெசிஸ்டன்ஸ் எல்லாம் போய் மதிப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகாத மெட்டல் ஃபிலிம். ஸ்பீக்கரும் புதிது. பழையதெல்லாம் எங்கே என்று கேட்டேன். எடைக்குப் போய்விட்டதாம்.

அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பல வருடங்களுக்கு முன் நானே ஒரு கோயில் பாடகர் குழுவின் பழைய ஆம்பை இதேபோல 'மேம்படுத்தி'க் கொடுத்தவன். வாங்கிப் போன குழுத் தலைவர் இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னார்: "சத்தம் ஜோரா இருக்கு சார். ஆனா கூட்டத்துல கிடார் கேக்கவே மாட்டேங்குது." அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. அவருக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா கடலூர் முதுநகரில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று அகுஜா கம்பெனி ஆம்புகளுக்கு நடுவில் வளர்ந்த பையன் நான். மைக் செட் தொழிலில் ஆம்பின் வேலை ஒன்றுதான்: உள்ளே போனது பெரிதாகி வெளியே வரவேண்டும், மாறக்கூடாது. கிடார் ஆம்ப் அந்த ஜாதி இல்லை. அது பாதி வாத்தியம். இந்த வித்தியாசம் புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

தம்புராவை நினைத்துப் பாருங்கள். குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு துண்டுப் பருத்தி நூல் வைப்பார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். அந்த நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் தந்தி ரீங்காரம் போடும். அளவுக்கருவி வைத்துப் பார்த்தால் அந்த ரீங்காரம் ஒரு 'அசுத்தம்'. எடுத்துவிட்டால் தந்தி சுத்தமாக டொய்ங் என்று ஒலித்துச் செத்துப்போகும்.

பழைய ஆம்பில் அந்த நூல் பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. வீட்டில் கிரைண்டர் போட்ட நொடியில் பல்பு சற்று மங்கித் தெளியும் அல்லவா? ரெக்டிஃபையர் வால்வும் சின்னக் கன்டென்சரும் இருக்கிற ஆம்புக்குள் அதேதான் நடக்கிறது. தந்தியை ஓங்கி அடித்ததும் உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் இறங்குகிறது, பிறகு மெல்ல ஏறுகிறது. அதனால் அடியின் முனை மழுங்கி, பின்னால் வரும் நாதம் பூரித்து எழுகிறது. வாசிப்பவர் கைக்கு அது ரப்பர் போல இழுத்துக் கொடுக்கும். அந்தத் தம்பி 'கை ஒட்ட மாட்டேங்குது' என்று சொன்னது இதைத்தான். டயோடும் 220 மைக்ரோஃபாரடும் போட்டபின் மின்னழுத்தம் அசைவதில்லை. பாறைமேல் நடப்பது மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. வால்வில் இழப்பாகும் வோல்ட் டயோடில் இழப்பாவதில்லை. உள்ளே இருபது முப்பது வோல்ட் கூடிவிடும். ஏற்கெனவே கொதிப்பில் ஓடும் ஈஎல்84-க்கு அது ஆயுள் குறைப்பு.

இந்தப் பழைய ஒலியின் சரித்திரமே ஒரு வேடிக்கை. ஃபெண்டர் ஆம்புகளைச் செய்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர். அதாவது நம்ம ஆள். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. வால்வு கம்பெனிகள் வெளியிட்ட கையேட்டுச் சர்க்யூட்டுகளை வைத்து உழைக்கிற பெட்டியாகச் செய்தார். சத்தத்தைக் கூட்டும்போது ஒலி உடைந்து கரகரப்பது அவருக்கு ஒரு குறை, வருடா வருடம் அதைக் குறைக்கத்தான் பார்த்தார். அவருடைய பேஸ்மேன் ஆம்பை, பெயருக்கேற்றபடி, பேஸ் கிடாருக்காகச் செய்தார். நான்கு 10 இன்ச் ஸ்பீக்கர் வைத்த 50-களின் கடைசி மாடலில் லீட் கிடார்காரர்கள் செருகி, சத்தத்தைக் கூட்டி, அது உடைகிற இடத்தில் நின்றுகொண்டார்கள்.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் வாத்தியார் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்புக்கு அங்கே யானை விலை. 1962-ல் அவர் கடையாட்கள் பேஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து, கையில் கிடைத்த உள்ளூர்ச் சாமான்களைப் போட்டுச் செய்ததுதான் ஜேடிஎம்45 என்ற முதல் மார்ஷல் ஆம்ப். செலஷன் கம்பெனியின் 12 இன்ச் ஸ்பீக்கர் நான்கு, பின்பக்கம் மூடிய பெட்டி, முதல் நிலையில் வேறு வால்வு. சர்க்யூட் அதே, ஒலி வேறு. ராக் இசையின் முகத்தையே மாற்றிய ஒலி அது. 1964-ல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் ராக் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதக் கூம்பைப் பிளேடால் கீறிவிட்டு அந்தக் கரகரப்போடேயே பதிவு செய்தார். (வாடிக்கையாளர் யாரும் இதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வரவேண்டாம்.) ஆக, தவறு, தட்டுப்பாடு, வீம்பு, இந்த மூன்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை இந்த ஒலி.

இதற்கு அடுத்த தலைமுறைதான் பூட்டீக் ஆம்ப் என்கிற கைவினை ஆம்புகள். பழைய ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் கம்பெனிகளின் சர்க்யூட்டுகளையே எடுத்து, குறை நீக்கி, பொறுக்கி எடுத்த பாகங்களைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கையால் செய்வது. இதில் மேதைகள் உண்டு. ஃபெண்டர் மரபில் தொடங்கிய அலெக்சாண்டர் டம்பிள் 2022-ல் இறந்தார். அவர் கையால் செய்த ஆம்புகள் இன்று வீட்டு விலைக்குப் போகின்றன. அந்த வேலைப்பாட்டைக் கும்பிடலாம். ஸ்டுடியோவில் தனிக் கிடார் பதிவு செய்பவருக்கு, ஒரு முள் விழுந்தால் கேட்கிற அமைதி வேண்டும் என்பவருக்கு, அவை உதவும். உள்ளே திறந்தால் கோலம் போட்டது போல ஒயர் ஓடும், எனக்கும் ரிப்பேர் செய்வது சுலபம்.

ஆனால் எனக்குப் பிடிக்காது. சும்மா ரசனைக்காகச் சொல்லவில்லை. ஜூன் 21-ல் நம் ஊரில் ஃபெத் தெ லா மியூசிக் என்ற இசைத் திருவிழா நடக்கும்போது தெருவில் நின்று கேட்டுப் பாருங்கள். கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், பாட்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். சீர்திருத்திய ஆம்ப் கடையில் தனியாக வாசிக்கும்போது அடியில் தடித்தும் மேலே மினுங்கியும் சொக்க வைக்கும். தெருவில் அந்த அடித்தடிப்பை பேஸும் டிரம்ஸும் விழுங்கிவிடும், மினுக்கத்தை டிரம்ஸின் சிம்பல் தட்டு விழுங்கிவிடும். மிஞ்சுவது ஒன்றுமில்லை. பழைய ஆம்ப் தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். அந்த மூக்குக் குரல்தான் பாட்டுக்கும் பேஸுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்து ஜனங்கள் காதுக்குப் போகும். பாடகர் குழுத் தலைவர் சொன்னது எனக்கு அப்படி ஒரு தெருவில் நிற்கும்போதுதான் விளங்கியது.

சரி, அப்படியானால் பழைய ஆம்பின் எல்லாச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? கூடாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நல்ல கரகரப்பு உங்கள் கையோடு வரும், கையோடு போகும். மெல்ல வாசித்தால் ஒலி தெளியும், அழுத்தி வாசித்தால் உடையும், கிடாரின் வால்யூமைக் குறைத்தால் அடங்கும். கெட்ட சத்தம் உங்களைக் கேட்டு வராது. கிடாரைப் பிடுங்கிய பிறகும் ஹம் என்று உறுமினால் பெரும்பாலும் பவர் சப்ளை கன்டென்சர் காய்ந்துவிட்டது. அது முற்றினால், வாசிக்கிற சுருதிக்கு அடியில் சம்பந்தமில்லாத இன்னொரு சுருதி பேய் மாதிரி கூட வரும். கடுகு தாளிப்பது போலப் பொரிந்தால் பழைய ரெசிஸ்டன்ஸ் ஒன்றோ வால்வு சாக்கெட்டோ காரணம். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளில் சாக்கெட் கால்கள் உப்புக் காற்றில் பச்சை பூத்திருப்பதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். வால்வுக்குள் கண்ணாடியை ஒட்டி நீல ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கிற தகடு சிவந்து ஜொலித்தால் அந்த நொடியே ஸ்விட்சை அணையுங்கள். வாசித்து முடித்துவிட்டு அணைக்கலாம் என்று நினைத்தவர்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே கன்டென்சரை மாற்றுங்கள், ஆனால் அதே மதிப்பில். மூன்று பின் ஒயர் போட்டு எர்த் கொடுங்கள், இதில் 'பழமை' பேச்சே வேண்டாம். பழைய அமெரிக்க ஆம்புகளில் இரண்டு பின் ஒயரும், மெயின் லைனிலிருந்து சேஸிஸ் என்கிற உலோகச் சட்டத்துக்கு ஒரு சின்னக் கன்டென்சரும் இருக்கும். அந்தக் கன்டென்சர் ஷார்ட் ஆனால் கிடார் தந்தியிலேயே கரண்ட் பாயும். 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்தில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். நம் ஊர்ப் பந்தல் மேடைகளின் ஒயரிங்கை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

வெளிநாட்டிலிருந்து ஆம்ப் வருகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பிரான்சில் இப்போது நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் பழைய ஐரோப்பிய ஆம்பின் பின்னால் 110, 127, 220 என்று ஒரு திருகு இருக்கும், செருகுமுன் அதைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். நேராகச் செருகினால் புகைதான். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி போட்டாலும், 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும். நீண்ட நேரம் விடாமல் ஓட்டாதீர்கள். பல வருடம் பரணில் கிடந்ததாக இருந்தால் முதலில், கரண்டை மட்டுப்படுத்த வரிசையில் வைக்கும் சீரிஸ் பல்பு வழியாகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு நானூறு வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், யூடியூப் பார்த்துத் திறக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது, வாட்டைக் குறையுங்கள். பழைய ஒலி, ஆம்ப் மூச்சு முட்டும்போதுதான் வரும். 50 வாட் ஆம்புக்கு மூச்சு முட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். 100 வாட்டை 50 ஆக்கினால் குறைவது மூன்று டெசிபல்தான், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐந்து வாட், ஒற்றைப் பவர் வால்வு, எட்டு இன்ச் ஸ்பீக்கர் வைத்த பழைய ஃபெண்டர் சேம்ப் ரகமே மாடி அறைக்குத் தாராளம். பழைய ஆம்புகளின் ஒலியை நகல் செய்கிற டிஜிட்டல் பெட்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹெட்போனில் பழக நல்லது, வாங்குங்கள்.

எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், நான் உட்பட, கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் ஆம்பைக் கொடுக்காதீர்கள்.

முத்தியால்பேட்டைத் தம்பியின் ஆம்புக்கு ரெக்டிஃபையர் வால்வு திரும்ப வந்துவிட்டது. கன்டென்சர் பழைய மதிப்புக்கு இறங்கிவிட்டது. வாசித்துப் பார்த்தவர், "பாதி தாத்தா வந்துட்டாரு" என்றார். மீதிப் பாதி அந்த ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் இரண்டு வாரம் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் முதுநகரில் அப்பாவின் பழைய சாமான் அறையைத் திறந்தேன். மூலையில் அதே காலத்து, அல்நிகோ காந்தம் வைத்த 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. கூம்புக் காகிதத்தை எலி தின்றிருந்தது. காந்தம் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை இன்னும் அதே வேகத்தில் இழுக்கிறது. கூம்பு மாற்ற சென்னை ரிச்சி தெருவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.