ரகம்: நெல்லுக்கு வந்த கணக்குச் சொல்

ரகம், பெயர்ச்சொல். இரகம் என்றும் எழுதுவர். பேச்சு வழக்கில் வகை, தரம். வேளாண் வழக்கில் பொருள் இன்னும் குறுகியது: ஒரே பயிருக்குள் தனித்து அடையாளம் காணத்தக்கதாய், விதைத்தால் மறுபடியும் அதே குணத்தோடு வரும் பயிர்க்கூட்டம்.

அரபியில் 'ரகம்' என்றால் குறி, எண். உருதுவில் பணத்தொகை, கணக்கில் எழுதும் ஓர் உருப்படி என்ற பொருள்களும் உண்டு. வசூல், பாக்கி, ஜமாபந்தி போன்ற வருவாய்க் கணக்குச் சொற்களின் கூட்டத்தைச் சேர்ந்தது இது. தெலுங்கிலும் இதே சொல் இதே பொருளில் புழங்குவதால், சேலத்தில் எந்த மொழி பேசும் வீட்டிலும் இது அந்நியமாகப் படாது. முன்னால் இகரம் சேர்ப்பது, ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்துக்காக. அதனால் உடுப்பு மாறுகிறது, பிறப்பு மாறுவதில்லை.

கோ 51, ஆடுதுறை 43, ஐ.ஆர். 20 என்று நெல்லை எண்ணால் அழைக்கிறோம். எண் என்ற பழைய பொருள் இங்கே பொருந்திவருவது தற்செயல்தான். முன்னெழுத்து பெரும்பாலும் நிலையத்தைக் குறிக்கும்: கோ என்றால் கோயம்புத்தூர், டி.ஆர்.ஒய். என்றால் திருச்சி. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் தொடங்கியது. கோணாமணி என்ற நாட்டு நெல்லிலிருந்து அங்கே தெரிந்தெடுத்த ஜி.இ.பி. 24 வெளியானது 1921-இல். இன்று ஊரெல்லாம் சாப்பிடும் பி.பி.டி. 5204-க்கும் அது முன்னோர். இதற்கெல்லாம் முன்பே சேலம் சன்னா என்று ஊர்ப் பெயரோடு ஒரு நாட்டு நெல் உண்டு. அதை யாரும் எண்ணால் அழைக்கவில்லை.

ஒரு நெல் எப்போது 'ரகம்' ஆகிறது? 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி புது ரகம் ஒன்றைப் பதிய, புதுமையோடு மூன்று குணங்களைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து ஒரு குணத்திலாவது வேறுபட வேண்டும். வயல் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். மறுவிதைப்பிலும் மாறாமல் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் காலம் பிடிக்கும் வேலை. ஆடுதுறை 43-ஐயும் ஆர்.ஆர். 272-1745-ஐயும் கலந்து 2013-இல் கோ 51 வெளியிடப்பட்டது. இப்படிப்பட்ட கலப்புக்கு, தாய்ப் பூவின் நுனியை மாலையில் வெட்டி ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்து உறை போடுவார்கள். மறுநாள் முற்பகலில் பூ விரியும் நேரத்தில் தந்தைச் செடியின் மகரந்தத்தை உதறுவார்கள். முதல் தலைமுறை ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவதில் நெட்டை, குட்டை, முந்தியது, பிந்தியது என்று எல்லாம் பிரியும். அங்கிருந்து ஆறாம் தலைமுறை வாக்கில்தான் செடிகள் சீராகும். அதன் பிறகு நிலையத்திலும் பல ஊர்களிலும், கடைசியில் உழவர் வயலிலும் சோதனை. மொத்தம் பத்தாண்டுக்கு மேல் போகும்.

வீரிய ஒட்டு விதையை வேளாண் துறை தனியாகப் பிரித்து எழுதுவதும் இதனால்தான். அது முதல் தலைமுறை விதை. அறுத்ததை எடுத்து விதைத்தால் வயல் பிரிந்துபோகும். சிலர் அதையும் 'ஒட்டு ரகம்' என்கிறார்கள். விதை வாங்கும் இடத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

ஒரு ரகம் நல்லதா என்று கேட்பதைவிட, எந்தத் தண்ணீருக்கு என்று கேட்பது பயன் தரும். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் வழக்கமான பாசனம் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள். ரகத்தின் வயது விதையிலிருந்து அறுப்பு வரை. நாற்றங்கால் நாளும் அதில் அடக்கம். நடவிலிருந்து எண்ணுகிறவர்கள் ஒரு மாதம் தவறுகிறார்கள். ஆகஸ்ட் 5-இல் நாற்று விட்டால், 135 நாள் வெள்ளைப் பொன்னி டிசம்பர் 18 வாக்கில் அறுப்புக்கு வரும். அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடிப்பதால் இது கச்சிதமாகப் பொருந்தும். சி.ஆர். 1009 போன்ற 155–160 நாள் ரகம் டிசம்பர் 10 வாக்கில்தான் பூக்கும். பால் பிடிக்கும்போது கால்வாய் அடைபடும். கிணறு இல்லாவிட்டால் பதர்தான் மிஞ்சும். 110 நாள் ரகத்துக்குத் தண்ணீர் போதும், ஆனால் அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழையில் பூத்து நவம்பர் ஈரத்தில் அறுப்புக்கு வரும். சாய்ந்த கதிர், விதை உறக்கம் (முற்றிய மணி சில காலம் முளைக்காமல் இருக்கும் குணம்) இல்லாத ரகமானால் வயலிலேயே முளைக்கும். கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வந்தால் இதே குறுகிய வயதுதான் கைகொடுக்கும். ஆத்தூர்ப் பக்கத்து ஏரிப் பாசனத்தில் நாள்கணக்கு ஏரி நிரம்பியதிலிருந்து தொடங்கும்.

ஏக்கருக்கு விதை: குறுகிய வயதுக்கு 24 கிலோ, மத்திய வயதுக்கு 16, நீண்ட வயதுக்கு 12. நாற்றின் வயது முறையே 18–22, 25–30, 35–40 நாள். குறுகிய வயது நாற்றை முப்பது நாள் கழித்துப் பிடுங்கி நட்டால் தூர் கட்டாமலே கதிர் தள்ளும். பழி ரகத்தின் மேல் விழும்.

மலைக்குக் கணக்கே வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கதிர் உருவாகும் பருவத்தில் குளிர் தாக்கினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது, வயதும் நீளும். சமவெளி ரகத்தை உயரத்துக்குக் கொண்டுபோவதில் இந்தச் சிக்கல் உண்டு.

இனி, 'ரகம்' என்பதற்கு ஈடான தமிழ்ச்சொல். 'இனம்' ஆடுமாட்டுக்கும், 'சிற்றினம்' தாவரவியலுக்கும் போய்விட்டன. பழைய 'நெற்சாதி' இன்று எழுதக் கூசும். 'வகை' சரியானது, பழையதும்கூட. பள்ளு நூல்கள் நெல் வகை, மாட்டு வகை என்றே அடுக்குகின்றன. தனியாக நின்றால் மட்டும் அது தளர்கிறது. பயிரின் பெயரோடு ஒட்டி நெல்வகை, கடலைவகை என்று எழுதினால் பொருள் இறுகிவிடும் என்பது எங்கள் கருத்து. குறுகிய வயது, நீண்ட வயது என்று பிரிப்பதற்குப் 'பிரிவு' போதும்.

கடையிலும் கொள்முதல் நிலையத்திலும் இதே சொல் வேறு வேலை செய்கிறது. சேலம் லீ பஜார் சந்தையில் 'முதல் ரகம்' என்றால் தரமும் விலையும். கொள்முதலில் 'சன்ன ரகம்', 'பொது ரகம்' என்பது மணியின் நீள அகல விகிதம்: 2.5-உம் அதற்கு மேலும் சன்னம், குறைந்தால் பொது. இங்கே 'தரம்' என்று எழுதினால் குழப்பம் தீரும்.

விதை மூட்டையில் ரகப் பெயரோடு அட்டையின் நிறத்தையும் பார்க்க வேண்டும்: ரகத்தை உருவாக்கியவர் தரும் வல்லுநர் விதைக்கு மஞ்சள், அதிலிருந்து பெருக்கும் ஆதார விதைக்கு வெள்ளை, உழவருக்கு விற்கும் சான்று விதைக்கு நீலம். நெல் சான்று விதையில் முளைப்பு குறைந்தது 80 விழுக்காடு, ஈரம் 13-க்கு மேல் கூடாது. விதைப் பண்ணையில் 1,000 கதிருக்கு 2 கலவன் (ரகத்தின் குணத்தோடு ஒவ்வாத கதிர்) வரை பொறுப்பார்கள். பக்கத்து வயலில் வேறு நெல் இருந்தால் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். சொந்த விதை எடுப்பவர்கள் பூக்கும்போது ஒருமுறை, முற்றும்போது ஒருமுறை இறங்கிக் கலவனைப் பிடுங்கினால், அடுத்த போகத்திலும் அதே வகைதான் விளையும்.