பள்ளி, டே கேர் சேர்க்கைக்குத் தடுப்பூசி: அட்டையில் எதைப் பார்க்கிறார்கள்?

"எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று வாயால் சொல்வது சேர்க்கை மேசையில் எடுபடாது. தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய இடங்களில் எந்த ஊசி, எத்தனையாவது தவணை, என்றைக்குப் போட்டது என்று அட்டை சொல்ல வேண்டும். குழந்தையின் பிறந்த தேதியோடு ஊசித் தேதியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அந்தத் தவணையைக் கணக்கில் சேர்ப்பார்கள். பல பெற்றோர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தட்டம்மை ஊசியையே எடுத்துக்கொள்வோம். நோய் அதிகம் பரவும் நாடுகளில் முதல் தவணையை 9 மாதத்திலேயே போட்டுவிடுவார்கள். அமெரிக்கப் பள்ளிகளிலோ முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் பொதுவாகச் செல்லும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு முன் குழந்தையின் உடலில் மிச்சமிருந்து, ஊசியின் பலனைக் குறைத்துவிடலாம் என்பது காரணம். அடுத்த தவணைக்கு 28 நாளாவது இடைவெளி வேண்டும். ஆக, 9 மாதத்திலும் 16 மாதத்திலும் போட்ட குழந்தைக்கு அங்கே ஒரு தவணைதான் கணக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: அட்டையில் 'எம்ஆர்' (தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான கூட்டு ஊசி) என்று இருந்தால் அதில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து கிடையாது, 'எம்எம்ஆர்' என்றால் உண்டு. கூடுதலாக ஒரு தவணை போடுவதால் கெடுதல் இல்லை, அதனால் இதற்காகச் சண்டை போடுவது வீண்.

நடுவில் ஒரு தவணை தவறிப்போனால் பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீதி ஊசிகளை என்றைக்குப் போடப்போகிறீர்கள் என்ற அட்டவணையைக் காட்டினால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. சொன்ன கெடுவுக்குள் மீதியைப் போடாவிட்டால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டே கேர் பட்டியலும் பள்ளிப் பட்டியலும் ஒன்றல்ல. ஹிப் (Hib) என்ற பாக்டீரியாக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் 5 வயதுக்குட்பட்டவர்களைத்தான் பெரும்பாலும் தாக்கும். அதனால் அந்த ஊசியை டே கேரில் கேட்பார்கள், பள்ளியில் பெரும்பாலும் கேட்பதில்லை.

மறுத்தால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மை ஊசிக்குச் சான்று வேண்டும். சான்று இல்லாத குழந்தையை டே கேரில் சேர்க்க மாட்டார்கள். பள்ளிப் படிப்பு கட்டாயம் என்பதால் பெரிய பிள்ளைகளைத் தடுக்க முடியாது. அங்கே பெற்றோருக்கு 2,500 யூரோ வரை அபராதம் வரலாம். இத்தாலியின் 2017 சட்டமும் இதே போக்கில்தான், ஆனால் 10 நோய்களுக்கு. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையே ஊசியோடு கட்டப்பட்டிருக்கிறது.

விலக்கு உண்டா? மருத்துவக் காரணத்துக்கு உண்டு: முந்தைய தவணையில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தவர்கள், நோய் எதிர்ப்பு மிகவும் குறைந்த குழந்தைகள் (இவர்களுக்கு உயிருள்ள கிருமி கலந்த ஊசி ஆகாது). சாதாரண சளி விலக்குக்குக் காரணமாகாது. மதம், நம்பிக்கையைக் காட்டி விலக்கு கேட்பதைச் சில இடங்கள் ஏற்கின்றன. கலிபோர்னியா 2016-இல் அதை நிறுத்திவிட்டது. விலக்கு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் தட்டம்மை பரவினால் ஊசி போடாத பிள்ளையை 21 நாள் வரை வீட்டிலேயே வைக்கச் சொல்லலாம். அந்தக் கிருமி, நோயாளி போன பிறகும் 2 மணி நேரம் வரை அறையின் காற்றில் இருக்கக்கூடியது.

சரி, அட்டையே தொலைந்துவிட்டால்? ஊசி போட்ட மருத்துவமனையின் பதிவேட்டில் நகல் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், சில நோய்களுக்கு ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தெரிந்தால் ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உண்டு. சின்னம்மை ஏற்கெனவே வந்து போனதென்றால் மருத்துவரின் கடிதம் போதும் என்று சில பள்ளிகள் சொல்லும். இரண்டும் கைகூடவில்லையா, மறுபடியும் போடச் சொல்வார்கள். தவணைகளுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விட வேண்டும் என்பதால், சேர்க்கைக்கு ஓரிரு மாதம் இருக்கும்போதே அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.