கட்டையைத் திருப்பி அறுத்தால் பொம்மை

டேப்பைக் கிழிக்கும் வரை அது வெறும் கட்டைதான். ஒன்றரை இஞ்ச் சதுரம், நாலரை இஞ்ச் நீளம், இரண்டு பக்கம் காகிதம் ஒட்டியது. உற்றுப் பார்த்தால் மயிரிழை போல ரம்பம் ஓடிய தடம் தெரியும். டேப்பை உரித்து, ஒரு மூலையை விரலால் தள்ளினால் ஒரு சில்லு கழன்று விழுகிறது. அப்புறம் அடுத்த மூலை. எட்டாவது சில்லும் விழுந்த பிறகு கையில் மிஞ்சுவது கழுத்து, வயிறு, கூரான வால் எல்லாம் உள்ள ஒரு கிறிஸ்துமஸ் தொங்கட்டான். உளி படவில்லை, கடைசல் பட்டறைக்கும் போகவில்லை. மேலும் கீழும் ஓடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு மெல்லிய பிளேடு செய்த வேலை.

அந்த பிளேடு மாட்டியிருக்கும் இயந்திரத்தின் பெயர் ஸ்க்ரோல் சா. தையல் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊசி இருக்கும் இடத்தில் ரம்பப் பிளேடு, துணி இருக்கும் இடத்தில் மரம். பிளேடு நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும், நாம் மரத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் பூவேலை, எழுத்து அறுக்கத்தான் இது பெரும்பாலும் பயன்படுகிறது. அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பலகையை விட்டுக் கட்டைக்கு வந்து, அதற்குக் காம்பவுண்ட் கட்டிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இருமுக அறுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

முறை இதுதான். ஒரே காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம்: ஒன்று பொம்மையின் முன்தோற்றம், மற்றது பக்கவாட்டுத் தோற்றம். நடுக்கோட்டில் மடித்து, மடிப்பு கட்டையின் விளிம்பில் உட்காரும்படி அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ஒட்ட வேண்டும். இரண்டு தனிக் காகிதமாக ஒட்டினால் என்ன என்று தோன்றும். முன்முகத்தில் கழுத்து இருக்கும் உயரத்தில்தான் பக்கமுகத்திலும் கழுத்து இருக்க வேண்டும். ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) ஏறி இறங்கினாலும் கழுத்து ஒரு பக்கம் இளைக்கும்போது மறுபக்கம் தடித்தே நிற்கும். மடித்த காகிதத்துக்கு அந்தக் கவலை இல்லை.

முதல் முகத்தின் கோடுகளை அறுத்த பிறகு, கழிவுத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அவற்றைப் பழைய இடத்திலேயே வைத்து, அமுக்கிப் பிடித்து, சுற்றிலும் டேப் ஒட்டிக் கட்டையை மறுபடி முழுக் கட்டை ஆக்க வேண்டும். ஏனென்றால் இரண்டாவது படம் அந்தக் கழிவின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. மேசையில் ஆடாமல் உட்கார, தட்டையான அடிப்பக்கமும் அந்தக் கழிவுதான் தருகிறது. பிறகு கட்டையைக் கால் சுற்றுத் திருப்பி இரண்டாவது முகம். ஒவ்வொரு முகத்திலும் கோடு மேலிருந்து கீழ் வரை முழுதாக ஓடியிருந்தால், கட்டை முன்னிருந்து மூன்று, பக்கத்திலிருந்து மூன்று என்று பிரிந்து ஒன்பது துண்டாகும். நடுத் துண்டு பொம்மை, சுற்றியுள்ள எட்டும் கழிவு.

சரி, இரண்டு தட்டைப் படத்திலிருந்து உருண்டு திரண்ட ஒரு பொருள் எப்படி வருகிறது? பொம்மையை வெள்ளரிக்காய் போலக் குறுக்கே வில்லை வில்லையாக நறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்படம் அந்த வில்லையின் இடம் வலத்தை மட்டும் தீர்மானிக்கிறது, பக்கப் படம் முன் பின்னை மட்டும். மூலையை மழிக்க யாரும் சொல்லவில்லை. அதனால் எந்த உயரத்தில் நறுக்கினாலும் வில்லை செவ்வகமாகத்தான் இருக்கும்.

இரண்டு முகத்திலும் ஒரே அளவு வட்டம் வரைந்து அறுத்துப் பாருங்கள். பந்து வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வராது. நாலு வளைந்த முகமும் நாலு விளிம்பும் கொண்ட ஒரு விசித்திர உருண்டை வரும். குறுக்குவாக்கில் மோதிக்கொண்ட இரண்டு உருளைகளின் பொதுப் பகுதி அது. மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் பெயரில் இன்று வழங்கினாலும், கணக்கு மிகப் பழையது. வட்டத்தைச் சரியாக அடைக்கும் கனசதுரத்தில் பந்து 52 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும் என்றால், இந்த உருவம் சரியாக மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்கும். ஆர்க்கிமிடீஸ் இதை எழுதி வைத்திருந்தார். அதைப் பிரதி எடுத்திருந்த தோல் ஏட்டைப் பிற்காலத்தில் சுரண்டி மேலே பிரார்த்தனைகளை எழுதிவிட்டார்கள், 1906இல்தான் கான்ஸ்டான்டினோப்பிளில் அது படித்தறியப்பட்டது. சீனாவில் 3ஆம் நூற்றாண்டில் லியூ ஹுய் என்ற கணிதர் இதே உருவத்தை இரண்டு சதுரக் குடைகளைச் சேர்த்தது போல என்று வர்ணித்தார். பந்தின் கன அளவுக்கு இதுதான் சாவி என்று கண்டுகொண்டவர் அவர். ஆனால் இந்தக் குடைகளின் கன அளவு பிடிபடவில்லை, தெரிந்தவர் வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். பின்னால் வந்த ட்சு சோங்ஷியும் அவர் மகனும் முடித்து வைத்தார்கள்.

உள்ளே ஓட்டை போட்டால் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு முகத்திலும் வயிற்றுக்கு நடுவே ஒரே ஒரு நீள ஓட்டை. அந்த உயரத்தில் முன்படம் இரண்டு பட்டையாகப் பிரிகிறது, பக்கப் படமும் இரண்டு பட்டை. இரண்டு தரம் இரண்டு, நாலு. ஆக, கூண்டு விளக்கு போல நாலு கால் தானாக எழுந்து நிற்கும். நாலு காலை வரைந்தவர் யாருமில்லை. (ஓட்டைக்கான துளையை வெளிக்கோடு அறுப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். மறந்தால் கட்டை போச்சு.)

படத்தில் எல்லாம் சுலபம். தகராறு பிளேடில்தான். இந்த வேலைக்கு அதிகம் மாட்டப்படும் 5ஆம் நம்பர் பிளேடு சுமார் 1 மி.மீ. அகலம், 0.4 மி.மீ. கனம். நிறைய இயந்திரங்களில் அது ஏறி இறங்கும் தூரம் முக்கால் இஞ்ச், அதாவது 6 நூல். கட்டையின் கனமோ 12 நூல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நடுவில் முக்கால் இஞ்ச் நீளத்துக்கு உள்ள பற்கள் மரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. இஞ்சுக்குப் பன்னிரண்டு பல் என்றால் ஒன்பது பல். பலகை அறுக்கும்போது ஒவ்வொரு பல்லும் வெளியே வந்து தூளைக் கொட்டிவிட்டுப் போகும். இந்த ஒன்பதுக்கும் அந்த வசதி கிடையாது. தூள் பல்லிடுக்கிலேயே அடைந்து உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் மரம் கருகும். இதனால்தான் கனமான கட்டைக்கு ஒரு பல் விட்டு ஒரு பல் உள்ள பிளேடாகப் பார்த்துப் போடுகிறார்கள். தூள் ஒதுங்க இடம் வேண்டுமே. அதே காரணத்தால் தள்ளுவதும் மெதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவசரப்பட்டால் இன்னொரு கேடும் வரும். பிளேடு மேலும் கீழும் இறுக்கிய கம்பி மாதிரி. தள்ளத் தள்ள, பிடிமானத்திலிருந்து தள்ளியுள்ள நடுப்பகுதி வளையும். மேலே கோட்டின் மேல்தான் போகிறோம், வளைவில் திரும்பும்போது கட்டையின் வயிற்றுக்குள் பிளேடு வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும். கழிவு கழன்று வராமல் அடம்பிடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பிளேடு ஒரு பக்கமாக இழுப்பது வேறு சங்கதி. தகட்டில் பல் வெட்டும்போது ஒரு பக்க ஓரத்தில் பிசிறு தங்கிவிடும், அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாக அறுக்கும். அதனால் மரத்தை ஒரு கோணத்தில் சாய்த்துத் தள்ளப் பழக வேண்டியிருக்கிறது.

பிளேடு மேசைக்குச் செங்குத்தா என்று பார்க்க மூலைமட்டம் போதாது, பிளேடு அவ்வளவு மெலிசு. ஒன்றரை இஞ்ச் வேஸ்ட் கட்டையில் அரை நூல் ஆழத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். மெஷினை நிறுத்தி, கட்டையைத் தூக்காமல் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய், அதே கீறலைப் பிளேடின் முதுகில் பொருத்துங்கள். பிளேடு மேலிருந்து கீழ் வரை வழுக்கி உட்கார்ந்தால் செங்குத்து. மேலே நுழைந்து கீழே இடித்தால் மேசை சாய்ந்திருக்கிறது. கட்டையைச் சுற்றிக் கொண்டுபோனதால் பிழை இரட்டிப்பாகத் தெரியும், கண்ணுக்குத் தப்பாது. பத்து நொடி வேலை. இதைச் செய்யாமல் அறுத்துப் பாழாக்கிய கட்டைகள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

மரம் மென்மையாக, முடிச்சில்லாமல் இருந்தால் போதும். அமெரிக்கர்கள் பாஸ்வுட் எடுப்பார்கள். பேக்கிங் பெட்டியில் வரும் பைன் ரீப்பரும் குமிழும் நம் கைக்கு எட்டுபவை. ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். நான் முதலில் அறுத்தது ஒரு குருவி. அலகு ரேகைக்குக் குறுக்கே நீட்டியிருந்தது, டேப்பை உரிக்கும்போதே ஒடிந்து கழிவோடு போய்விட்டது. எட்டுச் சில்லுக்குள் எது அலகு என்று தேடி, பசை போட்டு ஒட்டினேன். இன்றும் லேசாகக் கோணல்தான்.

இந்தத் தந்திரம் பொம்மைக்காகப் பிறந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தோன்றி, ஆன் அரசி பெயரால் வழங்கும் பாணி நாற்காலிகளின் வளைகாலை, இன்றும் தச்சர்கள் இரண்டு முகத்தில் வரைந்து, அறுத்து, கழிவை ஒட்டி, திருப்பித்தான் அறுக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பேண்ட் சா எனும் பட்டை ரம்பம், அவ்வளவே வித்தியாசம்.

தொங்கட்டானை உப்புத்தாளால் தேய்த்து விளிம்புகளை மழித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் விட்டுவிடுவேன். அந்த வட்டம் வரைந்து அறுத்த உருண்டையை நூலில் கட்டி ஜன்னலில் தொங்கவிடுங்கள். முன்னிருந்து பார்த்தால் 30 மி.மீ. வட்டம். கொஞ்சம் திரும்பி விளிம்பு நம் கண்ணுக்கு நேரே வந்தால், சதுரத்தின் மூலைவிட்டம் தெரிய ஆரம்பித்து, அகலம் 42 மி.மீ. ஆகிவிடும். உயரம் அதே 30, ஆக வட்டம் நீள்வட்டமாகிவிட்டது. இன்னும் திரும்பினால் மறுபடி வட்டம். காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நாலு முறை பருத்து நாலு முறை இளைக்கும்.