வகுப்பறைக் காற்றை அளக்கும் சின்னக் கருவிகள்

புகைமூட்டம் வந்துவிட்டால் பெற்றோர் முதலில் தேடுவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைத்தான். கோலாலம்பூருக்கான அந்த ஐ.பி.யு. எண் பத்து மூடா, செராஸ் நிலையங்களிலிருந்து வருகிறது. நுண்துகளைப் பொறுத்தவரை அது 24 மணி நேரச் சராசரி. செந்தூலில் சாலையோரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், ஜன்னல் சாத்திய மூன்றாம் ஆண்டு வகுப்பில், காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று அதில் தெரியாது. அதைக் காட்டும் சென்சார்கள் இப்போது சில நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கமே வாங்கிவிடலாம். ஆனால் அவை எப்படி அளக்கின்றன என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

துகள் சென்சாருக்குள் சிறு விசிறி ஒன்று காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றின் குறுக்கே லேசர் கதிர் பாய்கிறது. கூரை இடுக்கில் விழும் வெயில் கீற்றில் தூசு மின்னுவதுபோல, துகளில் பட்ட ஒளி சிதறுகிறது. கருவி எதையும் எடை போடுவதில்லை. சிதறிய ஒளியை வைத்து, ஒரு கன மீட்டரில் இத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்று கணிக்கிறது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இந்தக் கணிப்பு ஓரளவு சரிவரும். சாக்கட்டித் தூள் போன்ற பெரிய துகள்களைக் குறைத்தே காட்டும். ஆகவே அதே திரையில் வரும், பெரிய துகள்களையும் சேர்த்த பி.எம். 10 எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

நம் ஊரில் பெரிய சிக்கல் ஈரப்பதம். அதிகாலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். புகைத்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், பருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும், எண் ஏறிவிடும். அரசு நிலையங்களின் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கின்றன. மலிவு சென்சாருக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள்ஏர் என்ற மலிவு சென்சார்களுக்காக 2021இல் வெளியான திருத்தச் சமன்பாட்டில் ஈரப்பதத்தையும் சேர்த்தது. கருவி காட்டும் எண்ணை ஏறக்குறைய பாதியாக்குகிறது அந்தச் சமன்பாடு. அது அமெரிக்கக் காற்றுக்கு உருவானது. அப்படியே இங்கே பொருத்த முடியாது.

இதனால் ஒரு மயக்கம் உண்டாகிறது. குளிர்சாதனத்தைப் போட்டதும் துகள் எண் இறங்கும். காற்று சுத்தமாகிவிட்டது என்று நிம்மதி அடைவோம். அந்த இறக்கத்தில் ஒரு பங்கு, அறை உலர்ந்ததால் வந்தது. சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

புதுக்காற்று வராத அறையில் நம் மூச்சிலிருந்து கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அதைக் காட்டத்தான் கரியமில வாயு சென்சார் தேவைப்படுகிறது. கரியமில வாயு மூலக்கூறுகள் சுமார் 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். கதிர் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து வாயுவின் செறிவு கிடைக்கும். இணையக் கடைகளில் விற்கும் மிக மலிவான சில கருவிகள் இதைச் செய்வதே இல்லை. வேறு வாயுக்களை உணரும் உலோக ஆக்சைடு சில்லை வைத்து, கரியமில வாயு என்று ஓர் எண்ணைக் காட்டுகின்றன. கைச் சுத்திகரிப்பானை அருகில் கொண்டு போங்கள். எண் விர்ரென்று ஏறினால் அந்தக் கருவியை வாங்க வேண்டாம்.

வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. 30 பிள்ளைகள் இருக்கும் 190 கன மீட்டர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 14 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுவதாக வைத்தால், முழுக்க அடைத்த அறையில் கால் மணி நேரத்திலேயே 1,000 பிபிஎம் வந்துவிடும். மலேசியாவின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உள்ளகக் காற்று விதிமுறை வைத்த உச்சவரம்பும் அதே 1,000தான். நாம் வெளிவிடும் மூச்சில் இந்த வாயு ஏறக்குறைய 38,000 பிபிஎம். எனவே அறையில் 1,600 என்று காட்டினால், வெளிக்காற்றின் 420ஐக் கழித்துப் பார்த்தால், பிள்ளை இழுக்கும் காற்றில் சுமார் 3 விழுக்காடு ஏற்கெனவே இன்னொருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. சளிக்காய்ச்சல் ஒரு வகுப்பையே படுக்க வைப்பது எப்படி என்று இதில் விளங்கும்.

இடைவேளையில் பிள்ளைகள் வெளியேறியதும் கருவியைக் கவனியுங்கள். 420க்கு மேலே இருந்த அளவு 37 விழுக்காடாகக் குறைய 20 நிமிடம் ஆனால், அறையின் காற்று மணிக்கு மூன்று முறை மாறுகிறது என்று பொருள்.

புகைமூட்டத்தில் இரண்டு சென்சாரும் எதிரெதிராக இழுக்கும். ஜன்னலை மூடினால் துகள் உள்ளே வருவது குறையும், கரியமில வாயு ஏறும், திறந்தால் நேர்மாறு. 2019 செப்டம்பர் புகைமூட்டத்தில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பள்ளிகளே மூடப்பட்டன. அந்த அளவு மோசமாகாத நாட்களில் முடிவு வகுப்பாசிரியர் கையில்தான். அவருக்கு ஒரே வகைத் துகள் சென்சார் இரண்டு வேண்டும். முதலில் இரண்டையும் ஒரு நாள் அருகருகே வைத்து, ஒரே எண் காட்டுகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒன்றை வெளியே, மழை படாத இடத்தில் மாட்டுங்கள். வெளியே எண் தணியும் வேளையில் கதவு ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, மூடியதும் ஹெப்பா எனும் நுண்துகள் வடிகட்டியை ஓடவிடுங்கள். வடிகட்டி துகளைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. அரை மணி நேரமாகியும் உள்ளிருக்கும் துகள் எண் வெளியைவிடத் தெளிவாக இறங்கவில்லை என்றால், அந்த வடிகட்டி அறைக்குப் போதவில்லை; இன்னொன்று வேண்டும்.