நிற அட்டையைக் கடைசியில் திறவுங்கள்: கடலோர வீடுகளில் பழைய மரச்சாமான்களும் சுவர் வண்ணமும்

ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டைப் புதுப்பிக்க என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் பெயிண்ட் நிறுவனத்தின் நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நிற்கிறார்கள். இரண்டு மூன்று கட்டங்களில் பேனாவால் குறியிட்டிருப்பார்கள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் உள்ள மரச்சாமான்களைக் காட்டும்படி கேட்பேன். தரை, மரம், வெளிச்சம், சுவரில் ஏறியிருக்கும் உப்பு ஆகிய நான்கும் நமக்கு முன்பே அந்த வீட்டில் குடியிருப்பவை. அவற்றை எளிதில் மாற்ற முடியாது. எனவே பழைய சாமான்கள் உள்ள வீட்டில் சுவரின் நிறம் கடைசி முடிவாகத்தான் வர வேண்டும்.

இந்தக் கரையின் வீடுகளில் ஒரே பாணிச் சாமான்கள் அமைவதே இல்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் கடல் வணிகம் செய்த குடும்பங்களில் இலங்கை முதிரை மரத்தில் செய்த அலமாரி இருக்கும். பர்மா தேக்கில் கடைந்த கால்களோடு கட்டில் இருக்கும். வளைத்த மரத்தாலான வியன்னா பாணி நாற்காலிகளில் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை ஆட்களும் பொருட்களும் அந்த வழியே வந்துபோனார்கள். பிறகு வளைகுடா வருமானத்தில் ஸ்டீல் பீரோவும் சன்மைகா ஒட்டிய மேசையும் வந்தன. இப்போது பிள்ளைகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவும் எனாமல் பலகையும் வாங்கி வருகிறார்கள். இவை அத்தனையும் ஒரே கூடத்தில் நிற்கும்போது, இதில் எதற்குப் பொருத்தமாகச் சுவர் அடிப்பது என்ற கேள்வி எழுகிறது.

எந்த ஒன்றுக்கும் பொருத்தமாக அடிக்க வேண்டாம். தேக்குக்குப் பொருந்திய நிறம் முதிரையைக் கொன்றுவிடும். கூடத்தில் உள்ள பொருட்களில் திரும்பத் திரும்ப வருவது எது என்று முதலில் தேடுங்கள். பல வீடுகளில் அது பிரம்பு. சாய்வு நாற்காலி, வியன்னா நாற்காலி, கட்டில் தலைப்பலகை, பழைய சோபா எல்லாவற்றிலும் பிரம்புப் பின்னல் இருக்கிறது. மரங்கள் வேறு வேறாக இருந்தாலும் பிரம்பு ஒரே மாதிரித் தேன் நிறமாகப் பழுத்திருக்கும். அந்த நிறத்தை நன்றாக வெளுக்க வைத்து, சிறிது சாம்பல் கலந்தால் கிடைக்கும் மங்கலான வைக்கோல் வெள்ளை, கூடத்தில் உள்ள எல்லாச் சாமான்களோடும் ஒத்துப்போகும். பிரம்பு இல்லாத வீட்டில் தரையைப் பாருங்கள். சிவப்பு ஆக்சைடு தரையோ ஆத்தங்குடிக் கல்லோ இருந்தால் அதில் உள்ள மிக மங்கலான நிறத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கூடத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். நிறத்தை நீக்கிவிட்டால் எது கருமை, எது வெளுப்பு என்பது மட்டும் மிஞ்சும். சுவரும் பொருளும் ஒரே அளவு கருமையில் இருந்தால் அந்தப் பொருள் சுவரோடு கரைந்துவிடும். வேறுபாடு கூடினால் எடுப்பாகத் தெரியும். ஸ்டீல் பீரோவை விற்க மனமில்லை, ஆனால் கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: பீரோவின் கருமைக்கு நெருங்கிய நிறத்தை அதன் பின்சுவருக்கு அடியுங்கள். பீரோவுக்கு மரநிறம் பூசுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது பீரோவாகவும் இருக்காது, மரமாகவும் தெரியாது.

பக்கத்தில் நிற்கும் நிறம் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1839-லேயே விரிவாக எழுதினார். நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் மங்கித் தெரிவதாக வந்த புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடிய நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டவர் அவர். நம் கூடங்களிலும் இதுதான் நடக்கிறது. அழுத்தமான நீலச் சுவரின் முன் தேக்கு ஆரஞ்சாகத் தெரியும். பளிச்சென்ற மஞ்சள் சுவரின் முன் ஈட்டி மரத்தின் ஊதா தூக்கலாகி, கன்றிப்போனது போல் தோன்றும். இலைப்பச்சை செந்நிற மரங்கள் எல்லாவற்றையும் மேலும் சிவக்க வைக்கும். முதிரை தானே பொன்மஞ்சள் என்பதால் கிரீம் சுவரில் காணாமல் போய்விடும். அதற்குச் சாம்பல் கலந்த நீலமோ, பழைய பாசிப்பச்சையோதான் துணை. நிறம் எதுவானாலும் அதில் சாம்பல் கலந்திருக்கட்டும் என்பது கலப்புச் சாமான்கள் உள்ள கூடத்துக்கு நான் விடாமல் சொல்லும் விதி.

கீழக்கரையில் ஒரு வீட்டில் மகனுக்குத் தூய வெள்ளைச் சுவர் வேண்டும் என்று ஆசை. தாயார் என்னைத் தனியாக அழைத்து, “தம்பி, என் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த அலமாரி இது. அது கண்ணில் நிறைந்து நிற்க வேண்டும்” என்றார். வெள்ளை அடித்த ஒரு பலகையை அலமாரியின் பின்னால் நிறுத்திக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சம் வெள்ளையில் பட்டுத் திரும்பியதில் அலமாரியின் செதுக்கல் எதுவும் தெரியவில்லை. கறுத்த பெட்டியாக நின்றது. மங்கிய நீலச்சாம்பல் பலகையை வைத்ததும் மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன. மகன் உடனே ஒப்புக்கொண்டார். அந்த ஒரு சுவருக்கு மட்டும் நீலச்சாம்பல், மற்ற சுவர்களுக்குப் பிரம்பு வெள்ளை என்று முடிந்தது.

நம் கரையில் தூய வெள்ளை கடினமான நிறம். வெளியே மணலும் கடலும் வெயிலை இரட்டிப்பாக்கி உள்ளே அனுப்புகின்றன. சுவரில் பட்ட ஒளியில் எத்தனை பங்கு திரும்புகிறது என்பதை 0 முதல் 100 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். பல நிறுவனங்களின் நிற அட்டையிலேயே அந்த எண் இருக்கும். கடல் வெளிச்சம் நேராக விழும் கூடத்துக்கு 60 முதல் 70 வரை போதும். உள்ளறைக்கும் முற்றத்தை ஒட்டிய இருட்டு நடைக்கும் 75-க்கு மேல் போகலாம்.

வட திசை அறைக்கு நாள் முழுதும் குளிர்ந்த, மாறாத வெளிச்சம் வரும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே நம்பாதீர்கள். நாம் பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே இருக்கிறோம். சித்திரை முதல் நாளை ஒட்டி உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேராக வந்து, பிறகு ஆவணி நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்து நிற்கிறது. அந்த மாதங்களில் வட ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் விழும். கார்த்திகை, மார்கழியில் தென்புற அறைகளுக்குள் வெயில் ஆழமாக நுழையும். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் கடல் தெற்கே. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் கிழக்கே. ஒரே நிறம் இந்த ஊர்களில் ஒன்றுபோல் தெரியாது.

இனி உப்பு. நிறத்தைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாக யோசித்தாலும், உப்பைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண். இங்கே பழைய வீடுகள் பல பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. கல்லிலேயே கடலுப்பு இருக்கிறது. புதிய வீடுகளிலோ உவர்நீரில் சிமெண்ட் குழைப்பதும் கழுவாத மணலும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ஈரப்பதம் குறைந்ததும் மறுபடி படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும் என்பதால் மேலே உள்ள பூச்சைத் தள்ளும். கடலோரத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. இந்தச் சுவரின் மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் ஊதிக் கொப்பளித்து, தகடு தகடாக உரியும். உரிந்து விழும் மாவு அருகில் நிற்கும் அலமாரியின் பாலிஷையும் கெடுக்கும்.

சிமெண்ட் பூசி மூடிவிடலாம் என்று சொல்லும் கொத்தனாரைத் தடுத்து நிறுத்துங்கள். கீழே அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, பையில் அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே சரி, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளையே சரி. நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடு வண்ணங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். சுண்ணாம்பு ஈரத்தில் அழுத்தமாகத் தெரிந்து, காய்ந்தால் நன்றாக வெளுக்கும். எமல்ஷன் அநேகமாகச் சிறிது கருக்கும். எனவே எதையும் காய்ந்த பிறகே தீர்மானியுங்கள். உடைந்த பகுதியைச் சரிசெய்யப் பவளக்கல் தேடி அலைய வேண்டாம். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. எடுப்பதும் விற்பதும் குற்றம். செங்கல்லும் சுண்ணாம்புமே போதும்.

உப்பும் நிறமும் ஒருங்கே தீரும் ஒரு பழைய வழி இருக்கிறது. நம் பாட்டன்மார் சுவரின் அடியில் இடுப்பளவுக்குத் தனிப்பட்டை அடிப்பார்கள். தரையிலிருந்து ஏறும் உப்பு பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்தான் நிற்கும். அந்தப் பட்டையைக் காவி கலந்த சுண்ணாம்பிலும், மேலே உள்ள சுவரை வேறு நிறத்திலும் வையுங்கள். ஆண்டுதோறும் பட்டையை மட்டும் தட்டிப் புதுப்பித்தால் போதும், முழுச் சுவரையும் தொட வேண்டியதில்லை. விதவிதமான உயரத்தில் நிற்கும் சாமான்களுக்கு அந்தக் கோடு ஒரு பொதுவான அடித்தளம் தருகிறது. கட்டில் கால், நாற்காலிக் கால், பீரோவின் கால் எல்லாம் ஒரே நிறத்தின் முன் நிற்கும்போது கூடத்தின் கலப்பு அடங்கி, ஒழுங்கு வருகிறது. எத்தனை புதிய உத்திகள் வந்தாலும் இந்தக் கரைக்கு இதற்கு இணையான ஒன்றை நான் பார்க்கவில்லை.

பழைய சாமான்களைத் தேய்க்க உப்புத்தாள் எடுப்பதற்கு முன் இன்னொன்றைக் கேளுங்கள். இதைக் குழந்தை உள்ள எல்லா வீடுகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பழைய எனாமல் பெயிண்ட்டில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜன்னல் கம்பிக்கு அடித்த பழைய சிவப்புப் பிரைமரிலும் அப்படியே. இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். காய்ந்த பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தாலோ, நெருப்புக் காட்டி உரித்தாலோ ஈயம் தூசியாகவும் புகையாகவும் வீடெங்கும் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கூடத்தில் வைத்துப் பழைய தொட்டிலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆசாரியையும், பக்கத்தில் தவழும் குழந்தையையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் தேய்க்காமல் அதன் மேலேயே புதிய பூச்சு அடித்துவிடுங்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் வெளியில் வைத்து, பிளாஸ்டிக் விரிப்பின் மேல், தண்ணீர் தொட்டு ஈர உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக்கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். வேலை உடையோடு அவர் வீட்டுக்குப் போனால் தூசியும் கூடவே போகும்.

இத்தனைக்கும் பிறகு நிற அட்டையைத் திறக்கலாம். அட்டையின் சிறு கட்டத்தை நம்ப வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு, அலமாரியின் பின்னாலும் கட்டிலின் பின்னாலும் மாற்றி மாற்றி நிறுத்துங்கள். காலை, உச்சிவெயில், அந்தி, விளக்கு வெளிச்சம் என எல்லா வேளையிலும் பாருங்கள். விளக்கு முக்கியம். நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும் 6500 கெல்வின் நீலவெள்ளை எல்இடி, தேக்கைச் சாம்பலாக்கி, கிரீமைப் பச்சையாகக் காட்டும். மரச்சாமான்கள் உள்ள கூடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் தருவதும், நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவீடு (CRI) 90-க்குக் குறையாததுமான பல்பை வாங்குங்கள். பல்பை மாற்றிய பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

சுவரில் மேட் பூச்சே நல்லது. பளபளப்பு, பழைய சுவரின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பாலிஷ் போட்ட மரத்தோடு போட்டியும் போடும்.

வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். ஆடிக் காற்றில் மணல் பறந்து ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பொங்கல் முடிந்து, வாடை தணிந்தபின் பங்குனி வரையிலான நாட்கள் தோது. புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தால் குறைந்தது 28 நாள் ஆறவிடுங்கள். மிச்சமாகும் பெயிண்ட்டைத் தகர டப்பாவில் வைத்தால் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓட்டை விழும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சுண்ணாம்பில் எத்தனை பங்கு காவி, எவ்வளவு கோந்து என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு பட்டை அடிக்க வருபவர் அதே கணக்கில் கலக்கட்டும்.