மோல் ராட்னா மச்ச எலியா? அதுக்கு தமிழ்ல என்ன பேரு

போன வாரம் ராத்திரி தூக்கம் வராம ஒரு வனவிலங்கு வீடியோ பாத்துட்டு இருந்தேன், கீழ தமிழ் சப்டைட்டில் தானா ஓடிட்டு இருந்துச்சு, அதுல திடீர்னு "குருட்டு மச்ச எலி"ன்னு வந்துச்சு. ரெண்டு தடவ பின்னாடி இழுத்துப் பாத்தேன், மச்சத்த எங்கயும் காணோம். சாம்பல் கலர்ல ஒரு உருண்டை, வால் கிடையாது, காது மடல் கிடையாது, கண்ணு இருக்க வேண்டிய எடத்துல வெறும் முடி, முன்னாடி ரெண்டு ஜோடி பல்லு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. அப்பறம்தான் வெளங்குச்சு, இங்கிலீஷ்ல அதுக்கு பிளைண்ட் மோல் ராட்னு பேரு, மெஷினு அந்த மோலத் தூக்கி கன்னத்து மச்சமா ஆக்கிருச்சு.

மெஷின மட்டும் திட்டியும் பிரயோஜனம் இல்ல, அந்த இங்கிலீஷ் சொல்லே ஒரு குழப்பம் பிடிச்ச சொல்லு. தோல்ல இருக்கற மோல், பழைய இங்கிலீஷ்ல கறை, புள்ளின்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லுல இருந்து வந்தது. மண்ணு தோண்டுற மோல் வேற, அதுக்கு முன்னாடி மோல்ட்வார்ப்னு பேரு இருந்துச்சு, மோல்ட்னா மண்ணு, வார்ப்னா வீசறது, அதாவது மண்ண வாரி எறியறது, நாளாக நாளாக வால் அறுந்து மோல்னு நின்னுபோச்சு. கெமிஸ்ட்ரில படிச்ச மோல் மூணாவது ஆளு, அது மாலிக்யூல்ல இருந்து வந்தது, அத இங்க இழுக்க வேணாம்.

இன்னொரு விஷயம், அந்த மோல் எலியே இல்ல. மண்புழுவும் பூச்சியும் தின்னுற வேற ஒரு கூட்டம், நம்மூரு மூஞ்சூறுக்குத்தான் கொஞ்சம் சொந்தம். இந்தியாவுல அது வடகிழக்குப் பக்கமும் இமயமலை ஓரமும்தான் இருக்கு, தெக்க கிடையவே கிடையாது. ஆக மோல் ராட்னா "மோல் மாதிரி வாழ்ற எலி"ன்னு ஒரு ஒப்புமைப் பேரு, மோலையே பாக்காத நமக்கு அந்த ஒப்புமையில என்ன கெடைக்கும், ஒண்ணும் கெடைக்காது.

சரி, இந்த எலியோட சொந்தப் பேரு ஸ்பாலக்ஸ். 1770ல கூல்டென்ஷ்டெட்ங்கற ஆய்வாளர், ரீகாவுல பொறந்து ரஷ்யாவுக்காக ஊர் ஊரா சுத்துனவரு, இந்தப் பேர வெச்சாரு. உக்ரைன், தென் ரஷ்யப் புல்வெளியில இருக்கற இனத்துக்கு கூடவே மைக்ராப்தால்மஸ்னு ஒரு வால் சேத்தாரு, "சின்னக் கண்ணு"ன்னு அர்த்தம். கொஞ்ச வருஷம் கழிச்சு பல்லாஸ்ங்கறவரு டிஃப்லஸ், அதாவது "குருடு"ன்னு பேரு வெச்சாரு, ஆனா முன்னாடி வெச்ச பேருக்குத்தான் மரியாதைங்கறதால சின்னக் கண்ணுதான் நிலைச்சுது. அது ஒரு வகையில நியாயம்தான், ஏன்னு கீழ சொல்றேன்.

ஸ்பாலக்ஸ், அஸ்பாலக்ஸ் ரெண்டும் பழைய கிரேக்கச் சொல்லு. அரிஸ்டாட்டிலே இதப் பத்தி எழுதிருக்காரு: வெளிய பாத்தா இதுக்கு கண்ணு தெரியாது, ஆனா தடிச்ச தோல உரிச்சுப் பாத்தா உள்ள கண்ணோட எல்லாப் பாகமும் இருக்குன்னு. இன்னொரு எடத்துல, கிரேக்கத்துல ஆர்கோமெனாஸ்ங்கற ஊர் பக்கம் இது நெறைய இருக்கு, பக்கத்துலயே லெபாடியாவுல ஒண்ணு கூட இல்ல, கொண்டுபோய் விட்டாலும் தோண்ட மாட்டேங்குதுங்கறாரு. அவரு சொன்னது மோலையா இல்ல இந்த எலியையாங்கறது இன்னும் பேச்சாத்தான் இருக்கு, அந்த ஊர்கள் இருக்கற பக்கத்த வெச்சுப் பாத்தா மோலாத்தான் இருக்கணும்னு எனக்குப் படுது. எப்படியோ கிரேக்கர்கள் ரெண்டு பிராணியையும் ஒரே சொல்லுல போட்டு வெச்சாங்க, அந்தக் குழப்பம் 2300 வருஷம் கழிச்சு என் போன் ஸ்கிரீன்ல மச்சமா வந்து நிக்குது.

கண்ணு மேட்டர் சொல்றேன்னேன்ல. ஸ்பாலக்ஸோட கண்ணு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, முழுசா தோலுக்கு அடியில பொதைஞ்சு கெடக்கு, மேல முடி வேற. உருவம் எதுவும் தெரியாது. ஆனா அந்தக் கண்ணு செத்த கண்ணு இல்ல, வெளிச்சம் இருக்கா இல்லையாங்கறது அதுக்கு எட்டுது, பகல் நீளமா இருக்கா குறுகுதாங்கறத வெச்சு உடம்போட கடிகாரத்த திருப்பி வெச்சுக்குது. மூக்குல இருந்து கண்ணு இருக்க வேண்டிய எடம் வரைக்கும் ரெண்டு பக்கமும் விறைப்பான முடி ஒரு வரிசை, தையல் போட்ட மாதிரி. தோண்டறது காலால இல்ல, பல்லால. மேல் பல்லு கீழ் பல்லு ரெண்டுக்கும் பின்னாடி உதடு வந்து மூடிக்கும், அதனால எவ்ளோ கடிச்சாலும் வாய்க்குள்ள ஒரு பொடி மண்ணு போகாது, கடிச்ச மண்ண காலால பின்ன தள்ளி, அப்பறம் கரண்டி மாதிரி தட்டையா இருக்கற தலையால முட்டி மேல ஏத்தி மேடாக்கிரும். அதே தலையத்தான் சேதி சொல்லவும் வெச்சுக்குது. ஒவ்வொண்ணும் தனித்தனி வளை, ஒண்ண ஒண்ணு கண்டா கொலவெறி, அதனால வளையோட கூரையில தலையால டொக் டொக்னு முட்டும், அந்த அதிர்வு மண்ணு வழியா பக்கத்து வளைக்குப் போகும். இத 1987லயே ஆய்வுக்கட்டுரையா எழுதிட்டாங்க.

இப்ப இது நெசமா வாழ்ற ஊர்க்காரங்க என்ன பேரு வெச்சிருக்காங்கன்னு பாத்தா செம சுவாரசியம். ரஷ்யாவுல ஸ்லெபிஷ், போலந்துல ஷ்லெபியெட்ஸ், ரெண்டுமே "குருடன்". துருக்கியில கோர் ஃபாரே, அப்பட்டமா குருட்டெலி. ஜெர்மன்காரன் பிளிண்ட்மவுஸ்ங்கறான், அதுவும் அதேதான். ஹங்கேரிக்குப் போனா ஃபோல்டிகுட்யா, "மண் நாய்". ருமேனியாவுல "மண்ணோட நாய்க்குட்டி", பல்கேரியாவுலயும் செர்பியாவுலயும் "குருட்டு நாய்". எலிய நாயாக்குனது எப்படின்னு நானும் யோசிச்சேன், ஆனா பக்கத்து பக்கத்து ஊரு, வேற வேற கிளை மொழி, எல்லாரும் நாய்லயே வந்து நிக்கறாங்க, சொல்லு வேற வேறயா இருந்தாலும் அந்த நெனப்பு எல்லை தாண்டிப் போயிருக்கு. ஹங்கேரியில புல்வெளிய உழுது வயலாக்கிட்டதால இப்ப அந்த மண் நாய் அங்கங்க துண்டு துண்டாத்தான் மிச்சம், சட்டம் போட்டு பாதுகாக்கறாங்க. அதே குடும்பம் வேற ஊர்ல உருளைக்கிழங்கு, கேரட், வெங்காய வயலுக்கு எதிரி, செடிய கீழ இருந்து புடிச்சு இழுத்து கிழங்கெல்லாம் கொண்டுபோய் அறை கட்டி சேத்து வெச்சுக்கும்.

ஹீப்ருல இதுக்கு ஹோலெட்னு பேரு. இங்கதான் தமிழ் உள்ள வருது. ஹோலெட்ங்கற சொல்லு பழைய ஏற்பாட்டுல லேவியராகமம் 11ஆம் அதிகாரத்துல, தின்னக்கூடாத பிராணிங்க பட்டியல்ல இருக்கு. இங்கிலீஷ்ல பழைய மொழிபெயர்ப்புல அத வீசல், அதாவது கீரி மாதிரி ஒல்லியா இருக்கற ஒரு பிராணி ஆக்குனாங்க, தமிழ் பைபிள்ல அது பெருச்சாளி. ஏசாயாவுல சிலைங்கள மோலுக்கும் வௌவாலுக்கும் எறியறதா ஒரு வசனம் வருதே, அதுல தமிழ்ல மூஞ்சூறு. மொழிபெயர்த்தவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், இல்லாத பிராணிக்கு இருக்கற பிராணியோட சட்டைய மாட்டி விட்டாங்க, படிக்கறவனுக்கு கண்ணுல ஒரு உருவமாவது வந்துச்சு. ஆனா உயிரியல் எழுதறப்ப அந்தச் சட்டை சேராது. (பெருச்சாளியோட இங்கிலீஷ் பேரு பேண்டிகூட் இருக்கே, அது தெலுங்கு பந்திகொக்கு, பன்னி எலிங்கற அர்த்தம், நம்ம பக்கத்துல இருந்து போன சரக்கு.)

அந்த ஹோலெட்டும் ஒண்ணு இல்லயாம். இஸ்ரேல்ல ஹைஃபா யுனிவர்சிட்டில எவியதார் நேவோங்கறவரு பல வருஷம் இதையே பாத்து, வெளித்தோற்றத்துல ஒரே மாதிரி இருக்கறதுக்குள்ள குரோமோசோம் எண்ணிக்கை 52, 54, 58, 60ன்னு நாலு விதமா இருக்குன்னு காட்டி, 2001ல நாலு தனி இனமா பேரு வெச்சாங்க. ஊர்க்காரனுக்கு நாலும் ஹோலெட்தான்.

இப்ப தமிழுக்கு வருவோம். அகழெலின்னு நம்மகிட்ட ஒரு சொல்லு இருக்கு. அகழி, அகழாய்வு எல்லாத்துலயும் இருக்கற அதே அகழ்தான், தோண்டற எலி. எங்க தாத்தா வயல் எலிய அகழான்னுதான் சொல்லுவாரு, வரப்புல வளைய மண்வெட்டியால வெட்டிட்டுப் போனா உள்ள கை நெறைய கதிரு அடுக்கி வெச்சிருக்கும், அதப் பாத்து அவரு திட்டறப்ப கூட ஒரு மரியாதை தெரியும். இப்ப இணையத்துல அகழெலிய மோலுக்குப் போட்டுட்டாங்க, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம், எலி இல்லாத பிராணிக்கு எலின்னு பேரு, நெசமான தோண்டற எலிக்கு மச்ச எலி. சரி புழங்கிருச்சு, சண்டை போட்டு லாபமில்ல.

அதனால ஸ்பாலக்ஸுக்கு குருட்டு அகழெலின்னு சொல்லலாம்ங்கறது என் கட்சி, பேச்சுல சுருக்கமா குருட்டெலி போதும், துருக்கிக்காரனும் ஜெர்மன்காரனும் அதத்தான சொல்றான். வெறும் அகழெலின்னா மோலோடயும், நம்ம வயல் எலியோடயும் இடிக்கும், ஏன்னா நம்ம வயல்ல இருக்கற சின்னப் பெருச்சாளிக்கும் விவசாயப் புத்தகத்துல இந்தியன் மோல் ராட்னு ஒரு பேரு ஓடுது, அதுக்கு கண்ணு நல்லாவே தெரியும். பார்வையற்ற அகழெலின்னு எழுதலாமேன்னு ஒரு நண்பன் கேட்டான், எழுதலாம், எலிக்கு ஆபீஸ் லெட்டர் போடற மாதிரி இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கலந்துராதீங்க. முடியே இல்லாம சுருங்கிப்போய் ராணியோட கூட்டமா வாழ்ற ஆப்பிரிக்க நேக்கட் மோல் ராட் வேற குடும்பம், அது முள்ளம்பன்றி, கினிப்பன்னிப் பக்கத்து சொந்தம். ரெண்டுக்குமே கேன்சர் வர்றது அபூர்வம்ங்கறதால செய்தி எழுதறவங்க படத்த மாத்திப் போட்டுடறாங்க. ஸ்பாலக்ஸுக்கு இந்தியாவுல நெருங்கின சொந்தம் யாருன்னா வடகிழக்கு மாநிலத்து மூங்கில் எலிதான், அதுக்கு கண்ணும் உண்டு, வாலும் உண்டு, தமிழ்ல பேரும் யாரும் கெடுக்காம ஒழுங்கா இருக்கு.